ராஜினாமா செய்யச் சொன்ன நாளிலிருந்து மறுபடி வேலை கிடைக்கும் வரை

காகிதத்தில் பார்த்தால் என்னை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. நானே விருப்பப்பட்டு, சொந்தக் காரணங்களுக்காக ராஜினாமா செய்திருக்கிறேன். நடந்தது வேறு. 2024 பிப்ரவரியில் ஒருநாள் மதியம், சோழிங்கநல்லூரில் உள்ள எங்கள் அலுவலகத்தின் சின்ன மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டார்கள். ப்ராஜெக்ட் முடிகிறது, வேறு ப்ராஜெக்ட் இல்லை என்று மேனேஜர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு எழுந்துபோனார். ஹெச்ஆர் பெண் தன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். ராஜினாமா பக்கம் ஏற்கனவே திறந்திருந்தது. காரணம் என்ற இடத்தில் 'பெர்சனல்' என்று தேர்வு செய்தும் வைத்திருந்தார்கள். நான் பொத்தானை அழுத்துவது ஒன்றுதான் பாக்கி. "இன்னைக்கே போட்டுட்டீங்கன்னா ரெண்டு மாச சம்பளம், நல்ல ரிலீவிங் லெட்டர் எல்லாம் வந்துடும் மேடம். இல்லன்னா டெர்மினேஷன்னு போகும், அடுத்த வேலைக்குக் கஷ்டம்" என்றார்.

எனக்கு அப்போது 39 வயது. மேனுவல் டெஸ்டிங்கில், அதாவது மென்பொருளைக் கையால் இயக்கிப் பிழை தேடும் வேலையில், பதினைந்து வருட அனுபவம், அதில் பெரும்பகுதி அமெரிக்க ஹெல்த் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் ப்ராஜெக்ட்டுகள். கணவர் பல்லாவரத்தில் சின்னதாக அச்சகம் வைத்திருக்கிறார்; கல்யாண சீசனில் வருமானம் வரும், மற்ற மாதங்களில் இழுபறிதான். மேடவாக்கம் வீட்டுக்கு மாதத் தவணை 36,500 ரூபாய், அது என் சம்பளத்தில்தான் போனது. 2023-இல் உலகம் முழுவதும் ஐடி துறையில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் வேலை இழந்தார்கள் என்று செய்தியில் படித்ததுதான். ஆனாலும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது, உலகத்திலேயே எனக்கு மட்டும் இது நடப்பது போலத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஏறக்குறைய பத்து மாதம். அந்தப் பத்து மாதத்தில் நான் பார்த்த ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலை போனவரிடம் எல்லோரும் அவசரப்படுத்துகிறார்கள். ஹெச்ஆர் இன்றே கையெழுத்துக் கேட்பார். பயிற்சி நிலையம் இன்றே சேர்ந்தால் தள்ளுபடி என்னும். கன்சல்டன்சிக்காரர் இன்றே பணம் கட்டினால் சீட் உறுதி என்பார். இன்றைக்கே என்று யார் சொன்னாலும் அது அவர்களுடைய தேவை, நம்முடையது இல்லை.

அன்று என் கை பொத்தானுக்குப் போகவில்லை, அழுகைதான் வந்தது. அழுதது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. "வீட்டில் பேசிவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். ராத்திரி கணவர்தான் பீரோவிலிருந்து 2017-இல் கொடுத்த அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்து வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். அவர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துப் பழகியவர், நிதானமாகப் படிப்பார். இரு தரப்புக்கும் 60 நாள் நோட்டீஸ், அல்லது அதற்கு ஈடான மொத்தச் சம்பளம் என்று அதில் தெளிவாக இருந்தது. மறுநாள் ஹெச்ஆரிடம், நீங்கள் சொன்ன இரண்டு மாதச் சம்பளம் அடிப்படைச் சம்பளமான பேசிக்கா, மொத்தச் சம்பளமான கிராஸா என்று கேட்டேன். பேசிக்தான் என்றார்கள். என் பேசிக் 46,000, மொத்தச் சம்பளம் 98,000. அதாவது அவர்கள் தருவதாகச் சொன்னது 92,000. லெட்டர்படி வரவேண்டியது 1,96,000. லெட்டரைக் காட்டி மின்னஞ்சல் எழுதினேன். சில நாள் பதில் இல்லை. பிறகு மொத்தச் சம்பளம் என்றே கணக்குப் போட்டுத் தந்தார்கள். ஒரு ராத்திரி அவகாசம் கேட்டதன் மதிப்பு 1,04,000 ரூபாய்.

அந்த மின்னஞ்சலை எப்படி எழுதினேன் என்பதையும் சொல்ல வேண்டும். "நேற்றைய சந்திப்பில் நீங்கள் கேட்டுக்கொண்டபடி ராஜினாமா குறித்து" என்றுதான் தொடங்கினேன். இந்த ஒரு வரி முக்கியம். நாமாக ராஜினாமா செய்ததாக ஆகிவிட்டால், பின்னால் வேலைநீக்கம் என்று தொழிலாளர் துறைக்குப் போவது கடினம். ஐடி ஊழியர்களுக்குச் சங்கமும் சட்டமும் கிடையாது என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2016-லேயே தமிழ்நாடு அரசு ஐடி ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று தெளிவுபடுத்திவிட்டது. நான் வழக்குக்குப் போகவில்லை, போகத் தெம்பும் இல்லை. ஆனால் அந்த வழியை அடைக்காமல் வைத்திருந்ததுதான் பேச்சுவார்த்தையில் எனக்குக் கொஞ்சம் பலம் கொடுத்தது. இன்னொன்று, லாகின் போவதற்கு முன்பே சம்பள ரசீதுகள், சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்று (அப்போது ஃபார்ம் 16), அப்ரைசல் கடிதங்கள், இன்ஷூரன்ஸ் அட்டை எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். நமக்கே உரிய கடிதங்களை மட்டும்தான் சொல்கிறேன். க்ளையன்ட் சம்பந்தப்பட்ட ஒரு ஃபைலைக் கூடத் தொடக்கூடாது, அதை வைத்தே மடக்கிவிடுவார்கள்.

செட்டில்மென்ட் தாள் வந்தபோது இன்னொரு கணக்கும் உதைத்தது. கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. நான் சேர்ந்தது 2017 ஜூன், விலகியது 2024 பிப்ரவரி. ஆறு வருடம் எட்டு மாதம். தாளில் ஆறு வருடம் என்று போட்டிருந்தார்கள். அப்போது நடைமுறையில் இருந்த 1972-ஆம் வருட கிராஜுவிட்டி சட்டப்படி ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அதை முழு வருடமாக எடுக்க வேண்டும். கடைசியாக வாங்கிய பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்த்து, அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்குவதுதான் அப்போதைய கணக்கு. எனக்குப் பஞ்சப்படி கிடையாது, அதனால் வருடத்துக்கு 26,538 ரூபாய் வந்தது. ஏழு வருடத்துக்கு 1,85,769. சுட்டிக்காட்டியதும் மறுபேச்சில்லாமல் திருத்தினார்கள். கேட்காமல் இருந்திருந்தால் ஒரு வருடத்துப் பணம் போயிருக்கும். ஐந்து வருடம் முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம், நான்கு வருடமும் ஐந்தாம் வருடத்தில் 240 நாளும் வேலை பார்த்திருந்தால் போதும் என்று அந்தச் சட்டத்தின் கீழ் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. எனக்கு முழுப் பணமும் கைக்கு வர ஏப்ரல் ஆகிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டதால், சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்ற விதி இப்போது இருக்கிறது. இன்று வேலை போகிறவர்கள் அதைச் சொல்லியே கேட்கலாம்.

பி.எஃப். பணத்தைப் பற்றி வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. அப்போதைய விதிப்படி வேலை போய் ஒரு மாதம் ஆனால் 75 சதவீதமும், இரண்டு மாதம் ஆனால் மீதியும் எடுக்கலாம். 2025 அக்டோபரில் இதை மாற்ற முடிவெடுத்தார்கள்: 75 சதவீதம் உடனே, மீதி 25 சதவீதத்துக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. அந்த வருடம் பி.எஃப். வட்டி 8.25 சதவீதம், அதைத் தொட்டால் பிறகு சேர்க்க முடியாது என்று தோன்றியது. அதற்குப் பதில் என் சங்கிலியையும் வளையல்களையும் வங்கியில் அடகு வைத்தோம், வருடத்துக்கு 9 சதவீதத்தை ஒட்டி வட்டி. கிரெடிட் கார்டில் மினிமம் மட்டும் கட்டிக்கொண்டு போனால் வட்டி வருடத்துக்கு 40 சதவீதத்துக்கு மேலும் போகும். நகையை வைக்கப் போகும்போது எனக்கு அவமானமாகத்தான் இருந்தது, வங்கி வாசலில் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே போனேன். இப்போது நினைத்தால், அந்த வருடத்தில் எடுத்த நல்ல முடிவுகளில் அது ஒன்று. எடுக்கிறோமோ இல்லையோ, பி.எஃப். இணையதளத்தில் விலகிய தேதி ஏறியிருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். கம்பெனி ஏற்றாவிட்டால், கடைசி மாதப் பணம் கட்டி இரண்டு மாதம் கழித்து நாமே ஏற்றலாம். அடுத்த கம்பெனியில் உங்கள் பின்னணியைச் சரிபார்க்கும்போது இதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

மருத்துவக் காப்பீடு பற்றி யாருமே சொல்லவில்லை. கம்பெனி ஊழியர்களுக்காக எடுக்கும் குரூப் பாலிசி பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். என் மாமியாருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. புதிதாகப் பாலிசி எடுத்தால் ஏற்கனவே இருக்கும் நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாற்றிக்கொண்டால், குரூப் பாலிசியில் இருந்த வருடங்கள் கணக்கில் வரும். ஆனால் அதை விலகும் முன்பே கேட்க வேண்டும். எதிர் வீட்டு அக்கா எல்.ஐ.சி. முகவர், பேச்சுவாக்கில் அவர் சொன்னதால்தான் எனக்குத் தெரிந்தது. வருடத்துக்கு 41,000 ரூபாய் பிரீமியம் வந்தது. கையில் வேலை இல்லாமல் அவ்வளவு பணம் கட்ட மனசே வரவில்லை. ஆகஸ்டில் மாமியார் மூச்சுத் திணறலோடு நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அந்தப் பாலிசிதான் காப்பாற்றியது.

அந்த முதல் இரண்டு மாதம் மனசு இருந்த நிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் யாரும் பேசுவதில்லை. காலையில் பிள்ளையைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டு வரும்போது லிஃப்டில் யாராவது "இன்னைக்கு ஒர்க் ஃப்ரம் ஹோமா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய் அழுதிருக்கிறேன். ராஜபாளையத்தில் இருக்கும் அம்மாவிடம் சொல்லவே இல்லை. உறவினர்களில் தெரிந்த ஒன்றிரண்டு பேர், "விடும்மா, இத்தனை வருஷம் ஓடுனது போதும், வீட்ல இருந்து பிள்ளைய பாத்துக்கோ" என்றார்கள். ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள். ஆனால் அதே வேலை என் கணவருக்குப் போயிருந்தால் அவரிடம் இப்படிச் சொல்லியிருப்பார்களா என்ற கோபம் எனக்கு இன்றும் இருக்கிறது. தவணை கட்டுவது நான். படித்து, வேலை பார்த்து, டீமை நடத்தியது நான். அது வெறும் கூடுதல் வருமானம் போல மற்றவர்களுக்குத் தெரிந்தது வலித்தது. கடைசியில் அம்மாவிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. அடுத்த வாரம் பஸ் ஏறி வந்து மூன்று மாதம் எங்களோடு இருந்து சமையலைப் பார்த்துக்கொண்டார். முதல் நாளே சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. இதைப் படிக்கிற ஒவ்வொருவருக்கும் சொல்வேன்: வீட்டில் சொல்லிவிடுங்கள். மறைத்து வைப்பதற்கே பாதி சக்தி போய்விடுகிறது.

இப்போது பயிற்சி நிலையத்துக் கதைக்கு வருகிறேன். எனக்கு அதிகப் பணம் போனது இங்கேதான். மேனுவல் டெஸ்டிங்கிற்கு இனி எதிர்காலம் இல்லை, டேட்டா சயின்ஸுக்கு மாறிவிடு என்று திரும்பின பக்கமெல்லாம் சொன்னார்கள். வேளச்சேரியில் ஒரு நிலையம். சுவர் முழுக்க வேலை வாங்கியவர்களின் புகைப்படம், நூறு சதவீதம் வேலை உத்தரவாதம். கட்டணம் 1,35,000, அன்றைக்கே சேர்ந்தால் 20,000 தள்ளுபடி. பணம் இல்லையே என்றதும், "வட்டியில்லாத் தவணைதான் மேடம், மாசம் 9,600 ரூபாய்கூட வராது" என்று அங்கேயே உட்கார்ந்து என் போனில் ஒரு செயலியை ஏற்றி, ஆதார், பான் வாங்கி, கடனுக்குக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். வாயால் சொன்னது உத்தரவாதம். தாளில் எழுதியிருந்தது 'வேலை தேட உதவி'. கடன் கொடுத்தது நிலையம் அல்ல, வேறொரு நிதி நிறுவனம். முழுப் பணமும் அன்றே நிலையத்துக்குப் போய்விட்டது. இரண்டாம் மாதத்தில் ஆசிரியர் மாறினார், மூன்றாம் மாதத்திலிருந்து பதிவு செய்த வீடியோக்களைப் பார்க்கச் சொன்னார்கள். நிறுத்திவிடுகிறேன் என்றபோதுதான் விஷயம் புரிந்தது: படிப்பை நிறுத்தலாம், தவணையை நிறுத்த முடியாது. வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளும். எடுக்க முடியாமல் போனால் அபராதம், சிபில் மதிப்பெண்ணும் விழும். 1,15,000 ரூபாயையும் கட்டி முடித்தேன். அந்த நிலையம் ஏற்பாடு செய்த நேர்காணல்கள் எல்லாமே புதிதாகக் கல்லூரி முடித்தவர்களுக்கானவை, என் வயதைக் கேட்டதுமே பேச்சு முடிந்துவிடும்.

பயிற்சி நிலையங்களே கூடாது என்று நான் சொல்லவில்லை. நேரில் நன்றாகச் சொல்லித்தருகிற இடங்களும் இருக்கின்றன. ஆனால் சேரும் முன் போன வருடம் படித்தவர் யாராவது ஒருவரிடம் பேசுங்கள். அவர்கள் காட்டும் ஆளிடம் அல்ல, லிங்க்டுஇன்னில் நீங்களே தேடிப் பிடிக்கும் ஆளிடம். உங்கள் வயதும் உங்கள் அனுபவமும் கொண்ட ஒருவருக்காவது வேலை கிடைத்ததா என்று கேளுங்கள். கடன் எந்த நிறுவனத்தின் பெயரில், பாதியில் நின்றால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அவர்கள் எழுத்தில் தரத் தயங்கினால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. நான் பிறகு படித்ததில் உருப்படியாக இருந்தவை ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் பாடங்கள். படிப்பது இலவசம், சான்றிதழ்த் தேர்வு எழுதினால் மட்டும் ஒரு சின்னத் தொகை.

அதே சமயம் மோசடிக்காரர்களும் வரிசை கட்டி வந்தார்கள். வேலைத் தளங்களில் ரெஸ்யூமைப் போட்டவுடனே நம் எண் எல்லா இடத்துக்கும் போய்விடும். பெரிய கம்பெனி பெயரில் ஆஃபர் லெட்டர் அனுப்பி, லேப்டாப்புக்கு டெபாசிட் 15,000 கட்டுங்கள் என்பார்கள். டெலிகிராமில் ஹோட்டல்களுக்கு ரிவ்யூ எழுதினால் தினமும் பணம் என்று ஆரம்பித்து, முதலில் சில நூறு ரூபாய் போட்டுவிட்டு, பிறகு நம்மிடமிருந்து கறப்பார்கள். எங்கள் பயிற்சி வகுப்பில் இருந்த ஒரு பெண்ணுக்கு இதில் கணிசமான பணம் போனது. போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும், சீக்கிரம் அழைத்தால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. இன்னொரு வகை, 'பேக்டோர்' ஆட்கள். இரண்டு மூன்று லட்சம் கொடுத்தால் வேலை, அல்லது டேட்டா துறையில் நான்கு வருட அனுபவம் இருப்பதாகச் சான்றிதழ். அந்தக் கம்பெனியில் நமக்குப் பி.எஃப். கட்டியதே இல்லை என்பது நம் பி.எஃப். அடையாள எண்ணான யூஏஎன்னை வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். சேர்ந்து ஆறு மாதம் கழித்துக்கூட இதனால் வெளியே அனுப்பப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

திருப்பம் வந்தது ஜூலையில். பல வருடங்களுக்கு முன் என்னிடம் ட்ரெய்னியாகச் சேர்ந்த பையன் ஒருவன், இப்போது பெருங்குடியில் ஒரு கம்பெனியில் டேட்டா டீமில் இருக்கிறான். என் ரெஸ்யூமை அனுப்பியிருந்தேன். படித்துவிட்டு போன் செய்தான். "அக்கா, நீங்க ஏன் டேட்டா சயின்ஸ்னு போட்டு சின்னப் பசங்களோட போட்டி போடுறீங்க? 835 ஃபைல் உங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு எங்க டீம்ல யாருக்கும் தெரியாது. அது தெரிஞ்ச ஆள் கிடைக்காமத்தான் நாங்க திண்டாடுறோம்" என்றான். அமெரிக்க ஹெல்த் இன்ஷூரன்ஸில் ஆஸ்பத்திரி பில்லை அனுப்பும் மின்னணுக் கோப்புக்கு 837 என்று பெயர், இன்ஷூரன்ஸ் கம்பெனி எவ்வளவு கொடுத்தது, எதை ஏன் வெட்டியது என்று திரும்பி வரும் கோப்பு 835. இத்தனை வருடமாக நான் தினமும் சாப்பாடு போலப் புழங்கியவை இவை. அதை ஒரு திறமை என்றே நான் நினைத்ததில்லை. ரெஸ்யூமில் 'டொமைன்: ஹெல்த்கேர்' என்று ஒரே வரியில் முடித்திருந்தேன்.

அன்றிலிருந்து வழியை மாற்றினேன். டேட்டா சயின்ஸை விட்டுவிட்டு, டேட்டா சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் பக்கம் போனேன். ஈடிஎல் டெஸ்டிங், டேட்டா குவாலிட்டி என்று சொல்வார்கள். டெஸ்டிங்கும் தெரியும், டொமைனும், அதாவது அந்தத் துறையும் தெரியும், கற்க வேண்டியது தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் எஸ்க்யூஎல் மொழியை ஆழமாகவும், நிரல் மொழியான பைத்தானையும் பெரிய தரவுகளைக் கையாளும் ஸ்பார்க்கையும் கை வைக்கிற அளவுக்கும். லேப்டாப்பில் போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளை இலவசமாக ஏற்றிக்கொண்டேன். அமெரிக்க அரசின் மெடிகேர் என்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் நிர்வாகம், பயிற்சிக்கென்றே கற்பனை நோயாளிகளின் க்ளெய்ம் தரவுகளைப் பொதுவில் வைத்திருக்கிறது. அதை இறக்கி, இரட்டையாக வந்த க்ளெய்ம், பிறந்த தேதிக்கு முந்திய சிகிச்சை, தொகை பொருந்தாத வரி என்று பிழைகளைக் கண்டுபிடிக்கும் ஒரு சின்ன ப்ராஜெக்ட் செய்தேன். அதிகாலையில் அம்மா காபி போட்டுத் தர, பிள்ளை எழுவதற்குள் இரண்டு மணி நேரம். பயிற்சி நிலையத்தில் கற்றதைவிட அந்த ப்ராஜெக்ட்டில் கற்றது பல மடங்கு. வேறு துறையில் இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்: வங்கி, ரீடெய்ல், டெலிகாம் என்று எதில் இத்தனை வருடம் இருந்தீர்களோ, அதையொட்டிய வேலைகளில் என்ன கருவிகள் கேட்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். முழுசாக வேறு ஆளாக மாறுவதைவிட அது பாதி தூரம்தான்.

ரெஸ்யூமும் மாறியது. பழையதில் 'பொறுப்புகள்' என்று ஒரு பக்கம் இருந்தது. அதை எடுத்துவிட்டு, எந்தக் கோப்பில் என்ன பிழை கண்டேன், அதனால் என்ன நின்றது என்று எழுதினேன். பக்கத்தை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிரித்த அழகான வடிவத்தைவிட, மேலிருந்து கீழே நேராக ஒரே ஓட்டமாக இருப்பதுதான் ரெஸ்யூமைப் படிக்கும் கம்பெனிகளின் மென்பொருளுக்குப் புரிகிறது. நவுக்ரி என்ற வேலைத் தளத்தில் ஏதாவது ஒரு சின்ன மாற்றத்தைச் செய்து அடிக்கடி சேமித்தால் ரெக்ரூட்டர் தேடலில் மேலே வருகிறோம். அழைப்புகள் கூடியதை நானே பார்த்தேன். உடனே சேரக்கூடியவர் என்று பொருள்படும் 'இம்மீடியட் ஜாயினர்' என்பதை மறைக்காமல் மேலேயே போட்டேன். தொண்ணூறு நாள் நோட்டீஸில் மாட்டியிருப்பவர்களுக்கு நடுவில் அது உண்மையிலேயே மதிப்புள்ள விஷயம். இடைவெளியைப் பற்றிக் கேட்டால் "ப்ராஜெக்ட் முடிந்து லே ஆஃப் ஆனேன், அதன் பிறகு இதைப் படித்தேன், இதைச் செய்தேன்" என்று இரண்டு வரி. அதற்கு மேல் விளக்கம் கொடுக்கத் தொடங்கினால் நம் குரலே காட்டிக்கொடுத்துவிடும். நூற்றுக்கணக்கில் விண்ணப்பித்தேன். ஆனால் மூன்றாம் சுற்று வரை போன எல்லா நேர்காணலுமே தெரிந்தவர் ரெஃபரல் மூலம் வந்தவைதான். பழைய டீம் ஆட்களுக்குப் போன் செய்ய வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்ட மாதங்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. செய்தபோது ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

நேர்காணல்களில் எஸ்க்யூஎல் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: இரண்டாவது அதிகச் சம்பளம், இரட்டை வரிகளை நீக்குவது, ஒவ்வொரு நோயாளியின் கடைசி க்ளெய்மை எடுப்பது. எனக்கு வேலை கிடைத்த நேர்காணலில் அதெல்லாம் முடிந்த பிறகு, "ஒரு 835 கோப்பு சரியாக வந்திருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பீர்கள்?" என்று கேட்டார்கள். பில் தொகையிலிருந்து வெட்டிய தொகைகள் எல்லாவற்றையும் கழித்தால், கொடுத்த தொகை வர வேண்டும், அது ஒவ்வொரு க்ளெய்முக்கும் பொருந்த வேண்டும், சேவை வரிகளுக்கும் பொருந்த வேண்டும், மொத்தக் கோப்புக்கும் வங்கியில் வந்த பணத்தோடு பொருந்த வேண்டும் என்று ஆரம்பித்து, எங்கே எங்கே உடையும் என்று உதாரணங்களோடு சொல்லிக்கொண்டே போனேன். எதிரில் இருந்தவர் குறிப்பெடுக்கத் தொடங்கினார். அத்தனை மாதத்தில் முதல் முறையாக, நான் எதையோ கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருக்கவில்லை என்ற உணர்வு வந்தது.

இதற்கு முன்பே அக்டோபரில் வேறொரு கம்பெனி ஆஃபர் கொடுத்து, சேரும் தேதிக்கு முந்தின வாரம் பட்ஜெட் இல்லை என்று ரத்து செய்துவிட்டது. அந்தச் சில வாரம் வந்த அழைப்புகளை எல்லாம் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஆஃபர் லெட்டர் வந்தாலும், சேர்ந்து அடையாள அட்டை கழுத்தில் ஏறும் வரை தேடுவதை நிறுத்தாதீர்கள். டிசம்பரில் நான் சேர்ந்தது கான்ட்ராக்ட் டு ஹையர் முறையில், அதாவது முதல் ஆறு மாதம் இன்னொரு கம்பெனியின் சம்பளப் பட்டியலில். அதில் பி.எஃப். உண்டா, விடுப்பு உண்டா, யார் முதலாளி, நிரந்தரமாக்கும்போது என்ன சம்பளம் என்று நான்கையும் கேட்டு எழுத்தில் வாங்கினேன். முன்பு கைக்கு 88,000 வந்தது, இது 69,000. சம்பளம் குறைந்தது வருத்தம்தான். ஆனால் டெஸ்டர் என்ற பெயரோடு இன்னும் ஒரு வருடம் தேடியிருந்தாலும் இதுகூடக் கிடைத்திருக்காது என்று சந்தையைப் பார்த்தவளாகச் சொல்கிறேன். 2025 ஜூலையில் நிரந்தரம் ஆனது, சம்பளமும் கொஞ்சம் ஏறியது.

சேர்ந்ததும் செய்ய வேண்டிய இரண்டு விஷயம் உண்டு. பழைய பி.எஃப். கணக்கைப் புதியதோடு இணைப்பது ஒன்று. மற்றது வருமான வரி. என் செட்டில்மென்ட் ஏப்ரலில் வந்ததால் அது புதிய வேலையின் சம்பளம் வரும் அதே நிதியாண்டில் விழுந்தது. அதற்கான படிவத்தில் (அப்போது ஃபார்ம் 12பி) அதைப் புதிய கம்பெனிக்குச் சொல்லிவிட்டால் வரியைச் சரியாகப் பிடித்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் ரிட்டர்ன் போடும்போது மொத்தமாகக் கட்ட வேண்டி வரும்.

பழைய அலுவலகத்திலிருந்து அடுத்த சுற்றில் வெளியேறிய இருவர் போன மாதம் அழைத்தார்கள். இருவரிடமும் நான் முதலில் கேட்டது அப்பாயின்ட்மென்ட் லெட்டரை. ஒருவரிடம் இருந்தது, கிராஜுவிட்டிக் கணக்கைப் போனிலேயே போட்டுக் கொடுத்தேன். மற்றவருடையது அலுவலக மெயிலிலேயே கிடக்கிறது. நகல் கேட்டு ஹெச்ஆருக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன். அது வரும் வரை எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று அவர் உறுதியாக இருக்கிறார்.